எட்மாஸ்டரு மாப்ளே, ஒரு நாள் லீவு போடு

இன்னா மாப்ளே, விருதுக்கு ஃபைல் கட்டுறியாமே? ஜெராக்ஸ் கடைப் பையன் சொன்னான். கலர் போட்டோ தனி, ஸ்பைரல் பைண்டிங் தனி, மொத்தம் மூணு செட்டுன்னு. நல்ல சமாச்சாரந்தான், வேணாம்னு சொல்ல நான் யாரு? ஊருக்கு நீ எட்மாஸ்டரு. நீ கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு புள்ளைக்கு டி.சி. கெடைக்கும். ஆனா எனக்கு நீ அக்கா மவன். உன்னை சாருன்னு கூப்புடுறவங்க ஒருத்தரும் இதை மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. மாமங்காரன் சொன்னா கேலின்னும் எடுத்துக்கலாம், புத்தின்னும் எடுத்துக்கலாம். உன் வசதி. வா, இப்படித் திண்ணையில குந்து. அந்த ஃபைலை இங்க குடு.

அடேயப்பா, கனமாத்தான் இருக்குது. முதல் பக்கத்துல நீ. ரெண்டாம் பக்கத்துல நீ மரக்கன்னு நடுறே. மூணாம் பக்கத்துல அதே எடத்துல மறுபடியும் நடுறே, சட்டை மட்டும் வேற. அஞ்சாம் பக்கத்துலயும் நடுறே. சட்டை மூணு மாறியிருக்குது, கன்னு ஒரு விரக்கடை கூட வளரல. நாளைக்குக் கமிட்டிக்காரங்க மரம் எங்கய்யான்னு கேட்டா இன்னா சொல்லுவே? அதுல ரெண்டு போட்டோவ உருவிடு.

விருது யாரு பேருலன்னு பாத்தியா? டாக்டர் ராதாகிருஷ்ணன். நம்ம திருத்தணிக்காரரு. 1888 செப்டம்பர் 5-ல பொறந்தவரு. திருத்தணி ஆந்திராகாரன் கையில இருந்து 1960 ஏப்ரல் 1-ல தான் நம்ம பக்கம் வந்துது. ம.பொ.சி.யும் கூட இருந்தவங்களும் போராடி வாங்கினது. அப்பால ரெண்டு வருசம், 1962-ல அவரு ஜனாதிபதி ஆயிட்டாரு, அந்த வருசமே அவரு பொறந்த நாளு ஆசிரியர் தினமாவும் ஆயிடுச்சு. திருத்தணி இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா உன் விருதுக்குப் பேரையே பக்கத்து மாநிலத்துல கடன் வாங்கியிருக்கணும். அதனால திருவள்ளூர் மாவட்டத்துக்காரனுக்கு இதுல ஒரு உரிமை உண்டு, நான் இல்லேங்கல. ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோ. அவரு காலேஜுல பாடம் எடுத்தாரு, ஆக்ஸ்ஃபோர்டுல எடுத்தாரு, துணைவேந்தரா இருந்தாரு. நம்ம ஊரு ஹைஸ்கூல்ல எட்மாஸ்டரா மட்டும் இருந்ததில்ல. புத்திசாலி. காலைல அட்டெண்டன்ஸ் போடுற எமிஸ் ஆப்பு ஓடலன்னு செல்போனைத் தூக்கிக்கினு மொட்டை மாடி ஏறுற வேலை அவருக்கு வரல.

விருதுன்னா இன்னா குடுக்கறாங்க? வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், 10,000 ரூபா. வருசத்துக்கு 350 பேருக்கு மேல குடுக்கறாங்க, அதுல வாத்தியாருங்களும் உண்டு, எட்மாஸ்டருங்களும் உண்டு. டெல்லியில குடுக்கற தேசிய விருது 1958-லேருந்து இருக்குது, அதுக்கு 50,000. முன்னெல்லாம் அதுக்கு மேலதிகாரிங்கதான் பேரு அனுப்பணும். 2018-லேருந்து அவங்கவங்களே கம்ப்யூட்டர்ல எழுதிப் போடலாம்னு ஆக்கிட்டாங்க. நான் நல்லவன்னு நானே எழுதி நானே கையெழுத்துப் போடணும். இதுவும் ஒரு வகையில நல்லதுதான். ஆபீசருக்கு வணக்கம் போடத் தெரியாதவனும் மனு போடலாமே. ஆனா கூச்சம் உள்ளவன் எழுத மாட்டான், மாப்ளே. நம்ம பக்கத்துல நல்ல எட்மாஸ்டருங்களுக்கு இருக்கற ஒரே கெட்ட குணம் அந்தக் கூச்சம்தான். உனக்கு அது இல்ல, அதனால உனக்கு யோகம் உண்டு.

எனக்குப் புடிச்ச விருது வேற ஒண்ணு. அண்ணா பேருல ஒரு தலைமைத்துவ விருது, எட்மாஸ்டருங்களுக்குன்னே தனியா. 2025 ஜூலையில திருச்சியில வச்சுக் குடுத்தாங்களே, அதுதான். 100 எட்மாஸ்டருங்க. காசு 10 லட்சம், ஆனா அது பள்ளிக்கூடத்துக்கு. அந்தக் கணக்கு எனக்குப் புடிச்சிருக்குது. பதக்கத்தைக் கொண்டாந்து உன் வூட்டு ஷோகேஸ்ல வச்சா உன் மாமியாரு மட்டும்தான் பாப்பாங்க. 10 லட்சத்தைப் பள்ளிக்கூடத்துல வச்சா புள்ளைங்க கக்கூசுக்குக் கதவு வந்துடும். நீ அதுக்கு ஃபைல் கட்டுறியான்னு கேட்டா மட்டும் இன்னாத்துக்கு மாப்ளே தலையைச் சொறியறே?

பள்ளிக்கூடத்துக்குன்னு குடுக்கறது புதுசுன்னு நெனைக்காதே. நம்ம கடம்பத்தூர் தெரியுமில்ல, திருவள்ளூர் தாண்டி அரக்கோணம் ரூட்டுல ஸ்டேஷன். 1958-ல அங்கதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு மொதல் மொதலா நடந்துது. காமராஜர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். அப்போ நம்ம பக்கமெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். ஊருக்காரனே பள்ளிக்கூடத்துக்கு இன்னா கொறச்சலோ அத்தக் கொண்டாந்து குடுக்கணும், அதுதான் மாநாடு. ஒருத்தன் நெலம் எழுதி வைப்பான், ஒருத்தன் பெஞ்சு குடுப்பான், ஒருத்தன் சுவர்க் கடிகாரம். கல்யாண வூட்டுல மொய் படிக்கற கணக்கா மேடையில பேரு படிப்பாங்க. அப்பால மாநிலம் முழுக்கப் பரவிச்சு. அங்க எட்மாஸ்டருக்கு யாரும் பதக்கம் குத்தல. ஒரு எட்மாஸ்டரு நல்லவரா இல்லியான்னு ஊரு குடுத்த பெஞ்சை எண்ணினாலே தெரியும். புடிக்காத வாத்தியாரு பள்ளிக்கூடத்துக்கு எவனும் கடிகாரம் குடுக்க மாட்டான், நேரத்துக்கு வராதவனுக்குக் கடிகாரம் எதுக்குன்னு கேப்பான்.

இப்போ ஊரு குடுக்கறதில்ல. சிப்காட் கம்பெனிங்க குடுக்குது. 2013-ல ஒரு சட்டம் போட்டாங்க, பெரிய கம்பெனின்னா லாபத்துல நூத்துக்கு ரெண்டு ரூபா ஊருக்குச் செலவு பண்ணணும்னு. நல்ல சட்டம். கும்மிடிப்பூண்டியில அந்த ரெண்டு ரூபா உன் பள்ளிக்கூடத்துப் பக்கமா வந்துது, நீயும் வுடாம புடிச்சுக்கினே, கெட்டிக்காரன். கேட்டுல கம்பெனி பேரு. ஸ்மார்ட் கிளாஸ் டி.வி.யில கம்பெனி பேரு. தண்ணி மிசினுல கம்பெனி பேரு. பள்ளிக்கூடத்துப் பேரு மட்டும் வேப்ப மரத்துக் கெளையில மறஞ்சு கெடக்குது. ஒடிசாலேருந்து வந்த புள்ளை ஒண்ணு, அப்பனோட சைக்கிள்ல வந்து எறங்கி, இங்க எந்த ஷிஃப்டுன்னு கேட்டுதாம். எனக்கு அந்தத் தண்ணி மிசினு மேல ஒரு கண்ணு, சொல்லவா? வந்தப்ப ரிப்பன் வெட்டினது ஃபைல்ல இருக்குது, பதினேழாம் பக்கம். ஃபில்டர் அடைச்சுக்கினு நின்னப்ப யாரு மாத்தினா? அது எத்தினியாவது பக்கம்?

பேச்சை மாத்தாதே. ரிசல்ட்டுப் பக்கத்தைத் திருப்பு. பத்தாவது, நூத்துக்கு நூறு. பச்சை இங்க்ல வட்டம் வேற போட்டிருக்கே. சந்தோசம். ஒன்பதாவது பதிவேட்டைக் கொண்டா பாப்போம். போன வருசம் ஒன்பதாவதுல 60 புள்ளைங்கன்னு வச்சுக்கோ, பத்தாவது எழுதினது 48-ன்னு வச்சுக்கோ. நான் உன் பள்ளிக்கூடத்தைச் சொல்லலப்பா, கணக்குக்குச் சொல்றேன், நீ ஏன் வேர்க்குறே? மீதி 12 எங்க? ஒருத்தன் அப்பன் ஊருக்கே போயிட்டான், சரி. ரெண்டு பேரு பிரைவேட்டா எழுதிக்கட்டும்னு அனுப்பி வச்சாச்சு. ஒருத்தி காலைல ஆறு மணி கம்பெனி வேன்ல போறா, காண்ட்ராக்ட் வேலை, ஆதார்ல வயசு ஒண்ணு, மூஞ்சியில வயசு ஒண்ணு. பதரைத் தூத்திட்டு நெல்லை மட்டும் அளந்தா எல்லா வயலும் நல்ல வயலுதான். நம்ம தாத்தன் காலத்துலயே தெரிஞ்ச வேலை இது, இதுக்கு எதுக்கு ஸ்பைரல் பைண்டிங்?

அந்தப் பன்னெண்டுல எத்தினியைத் தேடிப் போயி இஸ்துக்கினு வந்தேன்னு ஒரு பக்கம் எழுது. அந்தப் பன்னெண்டு பேரும் ஃபெயிலாகி ரிசல்ட்டு எண்பதுக்கு எறங்கினாலும் நான் உனக்கு விருது குடுப்பேன். கமிட்டி குடுக்குமான்னு கேட்டா, அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல.

டி.சி. சமாச்சாரமும் அப்படித்தான். நம்ம பக்கம் மழை நின்னதும் செங்கல் சூளைக்கு ஒடிசாக்காரங்க குடும்பத்தோட வந்து எறங்கறாங்க. சிப்காட்டுக்குப் பீகாரு, ஜார்க்கண்டு. புள்ளைங்க வருசத்து நடுவுல வரும், நடுவுல போவும், கையில ஒரு காயிதம் இருக்காது. 2009-ல வந்த கட்டாயக் கல்விச் சட்டம் இன்னா சொல்லுது? டி.சி. வரலன்னு எட்டாவது வரைக்கும் எந்தப் புள்ளையையும் வெளியில நிறுத்தக் கூடாது, வயசுக்கு ஏத்த வகுப்புல சேத்துக்கணும். உனக்கு என்னை வுட நல்லாத் தெரியும், நீதான் ட்ரெயினிங் போயி மதியச் சாப்பாடு சாப்புட்டுட்டு வந்தே. ஆனா சேத்துக்கினா இன்னா ஆவும்? எமிஸ்ல நம்பரு தேடணும், பாசை புரியாது, சூளை மூடினதும் புள்ளை காணாமப் போவும், அப்பால இடைநிற்றல் கணக்குல உன் பேரு வரும். சேத்துக்காத எட்மாஸ்டருக்குக் கணக்கு சுத்தமா இருக்கும். சேத்துக்கினவனுக்கு ரெஜிஸ்டர் முழுக்கச் செவப்பு இங்க். விருதுக்குப் பாக்கறவங்க செவப்பைப் பாத்துட்டு ஒதுக்கி வைக்காம, இது யாரு வந்து போன செவப்புன்னு ஒரு தடவ கேட்டா போதும். ஆரம்பாக்கத்துப் பக்கம் தெலுங்கு பேசற புள்ளைங்களையும் தமிழு பேசற புள்ளைங்களையும் காலங்காலமா ஒண்ணா ஒக்கார வச்ச மண்ணு இது. ஒரு ஒடியாப் புள்ளை வந்தா மட்டும் நமக்கு இன்னா கொறஞ்சு போச்சு?

இரு, டீ வரட்டும். உன் அத்தைக்காரிக்கு நீ வந்தா மட்டும் பால் தாராளமா ஊத்தும் கை.

வெளியகரம் சேதி ஞாபகம் இருக்குதா? பள்ளிப்பட்டுப் பக்கம், நம்ம மாவட்டந்தான். 2018 ஜூன். பகவான்னு ஒரு இங்கிலீசு வாத்தியாரு, சின்ன வயசு. மாத்தல் ஆர்டரு வந்துது. புள்ளைங்க போவ வுடல. கட்டிப் புடிச்சுக்கினு அழுவுது, அவரும் அழுவறாரு. பேப்பர்காரன், டி.வி.க்காரன் எல்லாம் வந்துட்டான், ஏ.ஆர். ரகுமான் வரைக்கும் அந்தப் படம் போச்சு. மாத்தலைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வச்சாங்க. ஃபைலு இல்ல, பைண்டிங் இல்ல. அதுக்கு மேல ஒரு விருது எந்த ஆபீசுலயும் அச்சடிக்க முடியாது.

அதைக் கேட்டதும் நீயும் ஒரு நாளு கவுன்சிலிங்ல வேற ஊரு எடுத்துக்கினு போவும்போது புள்ளைங்க அழுவுமான்னு மனசுல ஓட்டிப் பாத்திருப்பே. பொய் சொல்லாதே. சத்துணவு அம்மா மட்டும் தேங்கா உடைக்கும்.

இதுலதான் நான் உனக்கு ஒண்ணு சொல்லணும்னு வச்சிருந்தேன். வாத்தியாரு போனா புள்ளைங்க அழுவணும். எட்மாஸ்டரு போனா அழுவக் கூடாது. ஒரு எட்மாஸ்டரு போயி, பள்ளிக்கூடம் அப்படியே கவுந்துடுச்சுன்னா அவரு இருந்த வரைக்கும் தூக்கிப் புடிச்சுக்கினு நின்னிருக்கறாரு, அவ்ளோதான். கீழ தூணு வைக்கல. அவரு போனதே ஒரு வாரம் யாருக்கும் தெரியாம மணி அடிக்கறது அடிச்சு, பாடம் நடக்கறது நடந்துக்கினு இருந்தா, அவரைத் தேடிக் கண்டுபுடிச்சு மாலை போடு. கஷ்டம் இன்னான்னா, அந்த ஆளைக் கண்டுபுடிக்கறதே கஷ்டம். ஃபைலுல அவரு பேரு எங்கயும் பெருசா இருக்காது.

என் பேத்தி பி.எட். படிக்குது இல்ல, அது போன்ல படிச்சுக் காட்டுச்சு. அமெரிக்காவுல வாலஸ் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு 2021-ல ஒரு ஆராய்ச்சி போட்டிருக்குது. அங்க ஊரு ஊருக்கு பள்ளிக்கூட ஜில்லா தனி, எட்மாஸ்டரை பிரின்சிபால்ங்கறான். கீழ்மட்டத்துல இருக்கற ஒருத்தரை எடுத்துட்டு மேல்மட்டத்துல இருக்கற ஒருத்தரைப் போட்டா, புள்ளைங்க ஒரு வருசத்துல கணக்குல 2.9 மாசப் படிப்பும் வாசிக்கறதுல 2.7 மாசப் படிப்பும் கூடக் கத்துக்குதாம். மூணு மாசம் மாப்ளே! நான் பேத்தியக் கேட்டேன், அந்த மனுசன் அவ்ளோ நல்லாப் பாடம் எடுக்கறாரான்னு. இல்ல தாத்தா, அவரு பாடமே எடுக்கறதில்லன்னுது. பாடம் எடுக்கறவங்களை நிம்மதியா எடுக்க வுடறாரு, நல்ல வாத்தியாருங்க வேற ஊருக்கு ஓடாம பாத்துக்கறாரு, ஒரே பள்ளிக்கூடத்துல அத்தினி புள்ளைக்கும் அது போய்ச் சேருதுன்னு சொல்லுச்சு. எனக்கு அப்பதான் உன் இடுப்பு ஞாபகம் வந்துது.

இடுப்புதான். அந்தச் சாவிக்கொத்து.

லேபு சாவி உன்கிட்ட. லைப்ரரி பீரோ சாவி உன்கிட்ட. ஸ்மார்ட் கிளாஸ் ரூமு சாவி உன்கிட்ட. விளையாட்டுச் சாமான் ரூமு சாவி, மோட்டார் ரூமு சாவி, பொம்பளப் புள்ளைங்க கக்கூசுச் சாவி கூட உன்கிட்ட. கேட்டா, பொறுப்புங்கறே. காணாமப் போனா ஆடிட்டுல நான்தான் கட்டணும்ங்கறே. அதுவும் நெசந்தான், ஆடிட்டுக்காரன் ஒரு கால்பந்துக்கு மூணு பக்கம் எழுதுவான்னு எனக்கும் தெரியும். ஆனா கால்பந்து அப்படியே புதுசா இருக்குது மாப்ளே, புள்ளைங்க காலிப் பிளாஸ்டிக் பாட்டிலை ஒதைச்சுக்கினு இருக்குதுங்க. சயின்ஸ் டீச்சரம்மா ஒரு அமிலம் காட்டணும்னா நீ டி.இ.ஓ. ஆபீசுலேருந்து திரும்பி வரணும். அதுக்குள்ள பீரியடு முடிஞ்சு, அந்தம்மா பலகையில படம் வரைஞ்சு குமிழி போட்டுக் காட்டிடுது.

உன் மேலயும் முழுத் தப்பு இல்ல. உன்னைப் பள்ளிக்கூடத்துல இருக்க வுடறானா? திங்கக்கெழமை பொன்னேரி, புதன்கெழமை திருவள்ளூர். நம்ம மாவட்டத்துத் தலைநகருக்கு ரயில்ல போவணும்னா கும்மிடிப்பூண்டியில ஏறி பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போயி, அங்க எறங்கி, அடுத்த லைனுல ஏறி, மறுபடியும் அந்த மூலைக்கு வரணும். ஒரே மாவட்டத்துக்குள்ள போவ மெட்ராசைத் தொட்டுட்டு வர்ற கொடுமை நம்மளுக்குத்தான். பஸ்ஸுல போனா பெரியபாளையம், ஊத்துக்கோட்டைன்னு இடுப்பு கழண்டுடும். ஒரு மணி நேர மீட்டிங்குக்கு ஒரு பகலு போச்சு. அங்க போனா அவங்க கேக்கற வெவரம் முன்னமே எமிஸ்ல இருக்குது, அதையே பேப்பர்ல எழுதிக் கொண்டாங்கறாங்க. இந்த அலைச்சலுக்கே ஒரு விருது குடுக்கலாம், பதக்கத்துக்குப் பதிலா சீசன் டிக்கெட்டு.

ஆனா அதுலயும் ஒரு நல்லது இருக்குது பாரு. எட்மாஸ்டரு இல்லாத நாளு நம்ம பள்ளிக்கூடங்கள்ல தாராளமா கெடைக்குது. கமிட்டிக்காரங்க எதுக்கு அவரு இருக்கற நாளாப் பாத்து வராங்க? வரேன்னு போன் பண்ணிட்டு வந்தா கோலம் இருக்கும், எளநி இருக்கும், வரவேற்பு நடனத்துக்கு ஒரு மாசமா கணக்குப் பீரியடை வெட்டியிருப்பாங்க. உன்னை மீட்டிங்குன்னு திருவள்ளூருக்குக் கூப்புட்டுக்கினு, அந்த நேரத்துல ரெண்டு பேரு சத்தமில்லாம இங்க வரட்டும். மொத மணி அடிச்சுதா, யாரு அடிச்சா. ஏழாவது பி-யில சாரு வரலன்னா யாரு போயி நின்னா, இல்ல லீடரு பேரெழுதிக்கினு நிக்கறானா. சத்துணவு அம்மாகிட்ட முட்டை கணக்கைக் கேக்க வேணாம், எந்தப் புள்ளை ரெண்டாம் தரம் கேக்கும்னு கேக்கட்டும், டக்குனு பேரு சொல்லிச்சுன்னா அந்தப் பள்ளிக்கூடத்துல யாரோ யாரையோ கவனிக்கறாங்கன்னு அர்த்தம். கூட்டறம்மாவுக்குச் சம்பளம் வந்து எத்தினி மாசம் ஆச்சு, வராதப்ப எட்மாஸ்டரு இன்னா பண்ணினாரு. கேட்டாண்ட நிக்கற ஷேர் ஆட்டோக்காரனைக் கேட்டா, எந்த டீச்சரு எத்தினி மணி வண்டிக்கு வராங்கன்னு எமிஸை வுட சுத்தமாச் சொல்லுவான். ஒரு ஒடியாப் புள்ளையைக் கூப்புட்டு உன் வாத்தியாரு பேரு இன்னான்னு கேட்டாலே பாதி மார்க்கு போட்டுடலாம். மீதிப் பாதி சாவிக்கு.

இன்னா, டீ ஆறுது, குடி. மூஞ்சி ஏன் இப்படிப் போவுது? ஃபைலை அனுப்ப வேணாம்னு நான் சொல்லவேயில்ல. அனுப்பு. வெள்ளிப் பதக்கம் வந்தா உங்கம்மா, எங்கக்கா, கழுத்துல போட்டுக்கினு தெருவுல ரெண்டு ரவுண்டு வரும், நான் மேளம் சொல்றேன். மரக்கன்னு போட்டோ மட்டும் ஒண்ணாக் கொறைச்சுக்கோ.

புதன்கெழமை உனக்குத் திருவள்ளூர்ல மீட்டிங்காமே? அஞ்சரை மணி வண்டியப் புடிச்சுப் போயிட்டு வா. நான் பதினோரு மணி வாக்குல பள்ளிக்கூடத்துப் பக்கம் சும்மா ஒரு நடை போறேன், பெரிய மனுசன்னு யாரும் தடுக்க மாட்டாங்க. லேபு சாவியை மட்டும் போவும்போது யார்கிட்ட குடுத்துட்டுப் போவேன்னு இப்பவே சொல்லிடு.